பைக்கின் பின்னால் உட்கார்ந்து என் பையன் கேட்ட கேள்வி

துணி ஊறவைப்பதற்கு முன்னால் என் மனைவி எல்லாப் பாக்கெட்டையும் ஒரு தடவை துழாவிப் பார்த்துவிடுவாள். சில்லறை, பேனா, பஸ் டிக்கெட் ஏதாவது சோப்புத் தண்ணீரில் போய்விடக் கூடாது என்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாசச் சாயங்காலம், பையனின் யூனிஃபார்ம் பேண்டில் கிடந்த எதையோ உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். திண்டுக்கல்லில் எனக்குச் சின்னதாக ஒரு மருந்துக்கடை. வீட்டுக்கும் கடைக்கும் ரெண்டு தெருதான்.

"இது என்ன மருந்துங்க? அவனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்தீங்களா?"

கட்டைவிரல் நகத்தளவு வெள்ளைப் பொட்டலம். டீ பேக் மாதிரி மெல்லிசான உறை, நாலு பக்கமும் ஒட்டியிருந்தது. மூக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் முதலில் புதினா வாசனை, அதற்கு அடியில் புகையிலை நெடி. பசங்க இதைக் 'கூல்' என்கிறார்கள். கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டால் வகுப்பில் வாத்தியார் கண்ணெதிரேயே உட்கார்ந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. புகை கிடையாது, வாயில் நாற்றம் கிடையாது. என் பையனுக்கு அப்போது 15 வயசு, பத்தாம் வகுப்பு.

அன்றைக்கு ராத்திரி நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதை எழுதாமல் மற்றதை எழுதிப் பிரயோஜனம் இல்லை. அவனை அடித்தேன். போனில் வாய்ப்புற்றுநோய்ப் படங்களைத் தேடி எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். "ஒரு தடவை தொட்டாலும் முடிஞ்சுது, செத்துப்போவ" என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு "சரிப்பா" என்று ஒரே வார்த்தை சொன்னான். நான் அதைத் திருந்தியதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஒரு மாசம் தினமும் பையைச் சோதித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தான் என்று. நான் தேடத் தேட அவன் ஒளித்துவைப்பதில் தேர்ந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான் நடந்தது. வீட்டில் பேச்சும் குறைந்துபோனது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், படித்தாயா, படித்தேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கடையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரெண்டும் ஒரே தப்புதான். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பதினாறு பதினேழு வயசுப் பையன்கள் ரெண்டு பேர் மூணு பேராக வருவார்கள், ஒருத்தன் மட்டும் கவுண்டருக்கு வருவான், மற்றவர்கள் ரோட்டோரம் நிற்பார்கள். "அண்ணே, பாட்டிக்கு முட்டிவலி" என்று சொல்லி ஒரு வலி மாத்திரை பேரைச் சரியாக, மில்லிகிராமோடு சொல்வான். அல்லது இன்சுலின் ஊசி மட்டும் கேட்பான், மருந்து வேண்டாம். பாட்டிக்கு வலி என்று வருகிற பேரனுக்கு மாத்திரை பேர் தெரியாது, பழைய அட்டையைத்தான் நீட்டுவான். டாக்டர் சீட்டு இல்லாமல் நான் ஒரு நாளும் கொடுத்ததில்லை. வலி மாத்திரை ஒன்றை 2018-ல் மத்திய அரசு போதைப் பொருள் சட்டத்துக்குக் கீழேயே கொண்டுவந்தது, அந்த அளவுக்கு அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள். "ஓடுறா, போலீஸைக் கூப்பிடவா" என்று விரட்டிவிடுவேன். விரட்டிவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று நினைத்தேன். அவர்களில் ஒருத்தனிடமாவது "ஏன்டா, எத்தனை நாளா?" என்று நான் கேட்டதில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஆவணி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை வீட்டுக்கு வத்தலக்குண்டு போய்விட்டு நானும் அவனும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். செம்பட்டி தாண்டியிருப்போம். அவ்வளவு நேரம் வாயே திறக்காமல் வந்தவன் பின்னாலிருந்து கேட்டான்: "அப்பா, மெடிக்கல்ல விக்கிற மாத்திரைதானே, கவர்மெண்டே விக்க விடுது. அது எப்படிப்பா போதை ஆகும்?"

வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, அவன் சட்டையைப் பிடித்து "யாருடா சாப்பிடுறது, நீயா?" என்று கேட்கத்தான் தோன்றியது. என்னவோ அன்றைக்கு நிறுத்தவில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன், அவ்வளவுதான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே மருந்தைப் பற்றி மட்டும் பேசினேன், கடையில் புதுசாகச் சேர்ந்த பையனுக்குச் சொல்லித்தருகிற மாதிரி. வலியை மூளைக்குச் சொல்கிற கம்பியை இந்த மாத்திரை அமுக்கிவிடும், அதே இடத்தில் ஒரு சுகத்தையும் கொடுக்கும், ஆபரேஷன் பண்ணினவருக்கு அது வேண்டியதுதான். ஆனால் மூச்சு விடச் சொல்கிற இடத்தையும் அது மந்தமாக்கும். நாள் போகப் போக அதே சுகத்துக்கு ஒன்று பத்தாது, ரெண்டு மூணு என்று போகும், உடம்பு பழகிக்கொள்ளும். மூச்சை அமுக்குகிற வேலை மட்டும் அதே அளவுக்குப் பழகாது. அதனால்தான் தூக்கத்திலேயே சிலர் போய்விடுகிறார்கள். பொடி பண்ணிக் கரைத்து ஊசியில் ஏற்றினால் இன்னும் மோசம், மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்க்கிற மாவும் டால்கமும் ரத்தக் குழாயில் போய் அடைக்கும், ஊசியை மாற்றி மாற்றிப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியிலிருந்து எச்ஐவி வரைக்கும் வரும்.

அவன் குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். எனக்குத் தெரிந்ததற்குப் பதில் சொன்னேன். பைபாஸ் பாலம் வந்தபோது, "என் ஃப்ரெண்டு ஒருத்தன் போடுறான்பா" என்றான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த அரை மணி நேரத்தில் நான் எந்தச் சாமர்த்தியமும் பண்ணவில்லை. முகத்துக்கு முகம் பார்க்காமல் இருந்தோம், அதுதான் பெரிய உதவி. எதிரெதிரே உட்காரவைத்து "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தால் பிள்ளைக்கு அது விசாரணை. பைக்கில், கடையில் சரக்கு அடுக்கும்போது, வீட்டில் வெங்காயம் உரிக்கும்போது, கையும் கண்ணும் வேறு எதிலாவது இருக்கும்போதுதான் அவன் வாய் திறக்கிறான். அதற்கப்புறம் ரெண்டு வருஷத்தில் நாங்கள் பேசிய முக்கியமான பேச்செல்லாம் அப்படி வந்ததுதான். ஒரே தடவையில் பேசி முடித்ததும் கிடையாது. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், அப்புறம் ஒரு வாரம் ஒன்றும் இருக்காது, திரும்ப அவனே ஆரம்பிப்பான்.

ஆனால் அன்றைக்கே ஒரு இக்கட்டு வந்தது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றான். சத்தியம் பண்ணிவிட்டு அப்புறம் மீறினால் நம்மை ஜென்மத்துக்கும் நம்ப மாட்டான், பண்ணாவிட்டால் பேரைச் சொல்ல மாட்டான். நான் யோசித்துச் சொன்னது இதுதான்: "சத்தியம் பண்ண மாட்டேன்டா, உயிர் போற விஷயம். ஆனா உனக்குத் தெரியாம ஒண்ணும் செய்ய மாட்டேன். யார்கிட்ட போறதா இருந்தாலும் முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். பள்ளிக்கூடத்துக்கும் போலீஸுக்கும் முதல்ல போக மாட்டேன்." அவன் ரெண்டு நாள் எடுத்துக்கொண்டான். மூணாம் நாள் பேரைச் சொன்னான்.

அந்தப் பையனுக்கு அப்பா கூட இல்லை, அம்மா நூல் மில்லில் ஷிப்ட் வேலை. நான் தனியாகப் போகவில்லை, என் மனைவி வந்தாள், பெண்ணுக்குப் பெண் பேசட்டும் என்று. அந்த அம்மா அழுகையை விடப் பயத்தில்தான் அதிகம் இருந்தார். "கேஸாயிடுமாண்ணே, புள்ள படிப்பு போயிடுமா?" இந்தப் பயத்தால்தான் எத்தனையோ வீடுகள் மூடி மறைக்கின்றன. அதனால் எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன். 18 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளை இந்த மாதிரிப் பழக்கத்தில் சிக்கினாலும் அது இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும், பெரியவர்கள் கோர்ட்டுக்கு அல்ல. போதைப் பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சின்ன அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுசாகச் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. கடுமையெல்லாம் கொடுத்தவன்மேல்தான்: குழந்தைக்குச் சாராயமோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுத்தால் 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 77-ம் பிரிவில் 7 வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கப் போகிறோம், அங்கே யாரும் விலங்கு போட மாட்டார்கள் என்று சொன்னதும்தான் அந்த அம்மாவுக்கு மூச்சு வந்தது.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. ஓ.பி. சீட்டு எழுதி உள்ளே போனால் போதும். ஒன்று கவனமாகச் சொல்கிறேன், வலி மாத்திரையோ குடியோ ரொம்ப நாளாகப் பழகினவர்களை வீட்டில் ஒரு அறையில் பூட்டிவைத்து "நிறுத்து" என்று சொல்லவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று உடம்பு படாத பாடு படும், குடியை அப்படி நிறுத்தினால் வலிப்பு கூட வரும். டாக்டர் மேற்பார்வையில்தான் இறக்க வேண்டும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14446 என்ற எண்ணில் போதை மீட்பு ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும், 104-லும் பேசலாம். விற்கிறவனைப் பற்றித் தகவல் சொல்ல 10581. நாங்கள் முதலில் 14446-ல் பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பையனுக்கு நாலு மாசம் ஆனது, நடுவில் ஒரு தடவை வழுக்கினான், திரும்ப வந்தான்.

சரி, என் பையனின் 'கூல்' கதைக்கு வருகிறேன், அது இன்னும் முடியாமல்தான் இருந்தது. நண்பனைப் பற்றிப் பேசிப் பேசித்தான் தன்னைப் பற்றிச் சொன்னான். கபடி டீமில் ப்ளஸ் டூ அண்ணன் ஒருவன் முதல் தடவை கொடுத்தானாம். நான் அன்றைக்குக் கத்தியதில் ஒரு வார்த்தையும் ஏன் ஏறவில்லை என்று கேட்டேன், கோபமில்லாமல்தான் கேட்டேன். "ஒரு தடவை போட்டா செத்துடுவேன்னு சொன்னீங்க. அந்த அண்ணன் ரெண்டு வருஷமா போடுறான், ஜோனல் வரைக்கும் ஆடுறான். அப்ப நீங்க சொன்னது எல்லாமே பொய்னு நினைச்சேன்" என்றான்.

மருந்துக்கடைக்காரன் நான். மருந்துக்கு மருந்து வித்தியாசம் தெரிந்தவன். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "செத்துப்போவ" என்று சொன்னது பெரிய பிசகு. அதற்கப்புறம் உள்ளதை உள்ளபடி பிரித்துச் சொன்னேன். முதல் தடவையிலேயே உயிரை எடுக்கக்கூடியவற்றில் ஒன்று பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், தின்னர் மாதிரி மோந்து பார்க்கிற சரக்கு, இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே சரிந்துவிடலாம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில், மோந்து பார்க்கிற வகையில் மட்டும்தான் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் விகிதம் கூடுதல்: 10 முதல் 17 வயசு வரை 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. எங்கள் தெருவில் பஞ்சர் கடை வைத்திருக்கிற அண்ணன், சைக்கிள் இல்லாமல் சொல்யூஷன் மட்டும் கேட்டு வருகிற பையனுக்குக் கொடுப்பதில்லை, "டியூப்பைக் கொண்டா, நானே ஒட்டித் தர்றேன்" என்பார். அவர் எனக்கு முன்னாலேயே புரிந்துகொண்டவர். கஞ்சா முதல் தடவையில் ஆளைக் கொல்லாது, ஆனால் இந்த வயசில், அதுவும் அடிக்கடி, அதுவும் வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால், இல்லாத குரல் கேட்கிற நிலைமைக்குத் தள்ளிவிடலாம். மூளையில் யோசித்து முடிவெடுக்கிற முன்பகுதி 25 வயசு வாக்கில்தான் முழுசாக முற்றுகிறது. இதையெல்லாம் சொல்லும்போது கூடவே, "போட்டா நல்லாத்தான்டா இருக்கும், நல்லா இல்லேன்னா யாரு திரும்பப் போடுவா, அதுதான் அதோட கொக்கி" என்றும் சொன்னேன். அதைச் சொன்னபோது அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில்தான் நம்பிக்கை திரும்ப ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

நாற்பது வயசில் புற்றுநோய் வரும் என்பது பதினஞ்சு வயசுக்காரனுக்கு வேறு யாருக்கோ வரப்போகிற சமாச்சாரம். அவனுக்கு இன்றைக்கு என்ன நடக்கிறது என்பதுதான் அவன் கணக்கு. ஒரு நாள் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்று கீழ் உதட்டைப் பிதுக்கிக் காட்டச் சொன்னேன், கடை டார்ச் அடித்துப் பார்த்தோம். பொட்டலம் உட்காருகிற இடத்தில் மட்டும் தோல் வெளுத்து, தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறின விரல் நுனி மாதிரி சுருங்கியிருந்தது. ஈறு ஒரு பல்லடியில் கீழே இறங்கியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் நாக்கால் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அடுத்து ஒன்று கேட்டேன், நாளைக்கு ஒரு நாள், காலையில் போடாமல் இருந்து பார், எத்தனை மணிக்கு என்ன ஆகிறது என்று மட்டும் எழுதிவை, நிறுத்தச் சொல்லவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தான்: பத்து மணிக்கு எரிச்சல், பதினொண்ணுக்குத் தலைவலி, மத்தியானம் பக்கத்துப் பையனோடு சண்டை, ரெண்டரைக்கு வாங்கிப் போட்டாச்சு. "நான் போடுறேன்னு நினைச்சேன், அதுதான் என்னைப் போட வைக்குது" என்று அவனே சொன்னான். நான் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் ஏறியிருக்காது.

நிக்கோட்டின் சூயிங்கம் என் கடை அலமாரியிலேயே இருக்கிறது. ஆனால் 18 வயசுக்குக் கீழே நானாக எடுத்துக் கொடுக்க மாட்டேன், டாக்டரிடம்தான் கூட்டிப்போனேன். அவர் மருந்தில்லாமலே முயற்சி பண்ணச் சொன்னார். முதல் மூணு நாலு நாள் நரகம்தான், தட்டைத் தூக்கி எறிந்தான் ஒரு நாள். நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். மனைவி சீரகம், கிராம்பு, வறுத்த வேர்க்கடலை எல்லாம் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டாள், வாய்க்கு ஏதாவது வேலை வேண்டும் என்று. ரெண்டு தடவை திரும்பப் போட்டான். ரெண்டு தடவையும் அவனே வந்து சொன்னான். அடித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

நடுவில் அவன் என்னைக் கேட்ட ஒரு கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். "நீங்க தீபாவளிக்கு மாமாவோட மாடியில குடிக்கிறீங்களே." அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பெரியவங்க விஷயம் என்று அதட்டியிருக்கலாம். மறுநாள், "நீ கேட்டது சரி" என்றேன். அதற்கப்புறம் வீட்டில் குடிப்பதில்லை, மாமா வந்தாலும் டீதான்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இதை விற்ற பெட்டிக்கடை விஷயத்தை மட்டும் வேகமாகச் சொல்கிறேன். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ம் வருஷச் சட்டமே இருக்கிறது, குட்கா வகையறாவுக்கு 2013-லிருந்து தமிழ்நாட்டில் தடை ஆணை வருஷா வருஷம் போடுகிறார்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தோம், கடை சீல் ஆனது. ஒரு மாசத்தில் வேறு தெருவில் கிடைக்க ஆரம்பித்தது. அதனால் புகார் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. எந்த நேரமானாலும், எந்த இடமானாலும், அவனோ அவன் நண்பர்களோ என்ன நிலைமையில் இருந்தாலும், போன் பண்ணினால் நான் வருவேன், அன்றைக்கு ராத்திரி ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். மறுநாள் பேசுவோம். கூடவே ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்: எவனாவது எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, குறட்டை மாதிரி சத்தம் வருகிறது, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் தூங்குகிறான் என்று விட்டுவிட்டு ஓடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-க்குக் கூப்பிடு, என்ன சாப்பிட்டான் என்று மறைக்காமல் சொல், அப்புறம் எனக்குக் கூப்பிடு.

போன பங்குனியில் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தான். ராத்திரி பதினொண்ணேகாலுக்குப் போன் வந்தது. பின்னால் மேளச் சத்தம். "அப்பா, வர்றீங்களா?" என்று மட்டும்தான் சொன்னான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கோயில் தேர்முட்டி ஓரமாகத் தனியாக நின்றுகொண்டிருந்தான், ஏறி உட்கார்ந்தான். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் கேள்வி வந்தது. கேட்கவில்லை. வழியில் ஒரு புரோட்டாக் கடை திறந்திருந்தது, "பசிக்குதாடா?" என்றேன். ரெண்டு பேரும் சாப்பிட்டோம். அவன் சால்னாவில் விரலை நனைத்துக்கொண்டே, "நாளைக்குச் சொல்றேன்பா" என்றான்.

காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது கூட வந்து நின்று, சொன்னான்.